கபார் அத்தா பதில் சொல்கிறார்

மனிதகுலம் தோன்றிய நாள்முதல் வாய்மூடிக் கிடந்த மனித உடல், இன்று காலை கிர்கிஸ் மொழியில் வாய் திறந்து பேசப்போகிறது என்று பிஷ்கெக் நகரின் ஒரு மருத்துவக் கல்லூரி அரங்கில் பேருவகையோடு அறிவிக்கப்பட்டது.

உடலைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் பதில் பேசும் கணினி அது. ஒரே நிபந்தனை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் விழிக்கும். அந்தப் பெயருக்காக நெடுநாள் யோசித்த உடற்கூறியல் பேராசிரியர் கபார், கடைசியில் தன் பெயரையே வைத்துவிட்டார்: கபார் அத்தா, அதாவது கபார் பெரியவர். குரலும் அவருடையதுதான்.

சாதாரண வீட்டுப் பெண்கூடக் கேட்கலாம் என்று காட்ட, மருமகள் பெகயிமை மேடையேற்றினார். அவள் கணவன் மாஸ்கோவில் டாக்சி ஓட்டுகிறான். கேட்பவர்களிடம் பேராசிரியர் 'போக்குவரத்துத் துறை' என்பார்.

கையில் எத்தனை எலும்பு என்று அவள் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

"பெரியவரே," என்றாள் பெகயிம். கணினி தூங்கியது.

"பேரைச் சொல்லிக் கூப்பிடும்மா."

"எப்படி மாமா? உங்க பேராச்சே."

முன்வரிசையில் துறைத்தலைவி குரல் கொடுத்தாள். "நாட்டுல எல்லாப் பொண்ணும் கேட்கலாம், உங்க வீட்டுப் பொண்ணைத் தவிர. அப்படித்தானே கபார்?"

அரங்கு சிரித்தது. மாமனார் பெயர் மருமகள் வாயில் வராது என்பது அங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். பேராசிரியருக்குத்தான் ஆராய்ச்சி மும்முரத்தில் மறந்துபோயிற்று.

எல்லோரும் விருந்துக்குப் போனபின், மேடையில் விட்ட தொப்பியை எடுக்க வந்த பேராசிரியர் திரைக்குப் பின்னால் நின்றுவிட்டார். பெகயிம் கணினியின் முன் தனியாகக் குனிந்திருந்தாள்.

"பெரியவரே, கொஞ்சம் எழுந்திருங்களேன். கேட்க எனக்கு வேற ஆள் இல்ல."

அவருக்குப் பாவமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. தன் பெயரைத் தானே முணுமுணுத்தார். பச்சை விளக்கு எரிந்தது.

"கேள் மகளே," என்றது அவர் குரல்.

"மார்ல ஒரு கட்டிங்க. வலிக்கல. ஆனா பெரிசாகுது. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

கணினி யோசிக்கவே இல்லை. "வெட்கம், மகளே. இதையெல்லாம் உன் அண்ணியிடம் கேள்."

அவர் எழுதிய வரி. பெண்ணுடலின் பக்கம் எந்தக் கேள்வி திரும்பினாலும் அதே வரிதான். பதில் எழுதக் கூசினார். அந்தக் கூச்சத்துக்கு ஆய்வுக் கட்டுரையில் 'பண்பாட்டுக்கு இசைந்த விடைமுறை' என்று பெயர் சூட்டிப் பாராட்டும் வாங்கினார்.

"எனக்கு அண்ணி இல்லைங்களே," என்றாள் பெகயிம், மரியாதையாக.

"வெட்கம், மகளே," என்றது கபார் அத்தா.

காலமெல்லாம் பிணங்களின் மார்பைத் திறந்து மாணவர்களுக்குக் காட்டியவர், திரையை விலக்கத் தைரியமில்லாமல் நின்றார். கடைசியில் இருமினார். அவள் துள்ளித் திரும்பினாள்.

"காரை எடுக்கறேன். வா, போகலாம்."

"எங்க மாமா?"

"ஆஸ்பத்திரிக்கு." தரையைப் பார்த்தே சொன்னார். "எனக்குக் கேட்டுச்சு."



புற்றுநோய் மருத்துவமனையில் சீட்டு எழுதும் பெண், விழாவுக்காக அவர் கோட்டில் குத்தியிருந்த பட்டையைப் படித்தாள்: 'உடலைப் பற்றி எதையும் என்னிடம் கேளுங்கள்.'

"நீங்க டாக்டரா?"

பேராசிரியர் பட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இல்லம்மா," என்றார். "டிரைவர்."