பவுனுவுக்கு ஓர் ஊசி

பவுனுவின் உயிருக்குத் திண்டிவனத்து டாக்டர் சொன்ன விலை மூன்று ரூபாய். பன்னிரண்டு வயதுப் பெண், மாட்டு லாட ஆணியை மிதித்திருந்தாள்.

“கைக்குழந்தையிலயே ஊசி போட்டுக்கினாளே!” என்றார் அவள் அப்பா, மல்லாட்டை என்னும் நிலக்கடலைக்கு மண்டி வைத்திருந்த ஆதிநாராயணன்.

“அதோட வேகம் போயிருக்குங்க. மறுபடி போட்டாத்தான் ரணஜன்னி வராது.”

“ஒரே சரக்குக்கு ரெண்டு தடவ காசா? ஒண்ணரை ரூபா, முடிச்சிக்கலாம்.”

“மூணு ரூபாதான் எனக்கு அசலேங்க.”

அப்படிச் சொல்லாத வியாபாரியை ஆதிநாராயணன் பார்த்ததே இல்லை. நாலு எட்டு நடந்தால் கூப்பிடுவார் என்று மகளோடு படியிறங்கினார். டாக்டர் கூப்பிடவில்லை. திரும்பிப் போக மானம் விடவில்லை.

எட்டாம் நாள் பவுனுவுக்குப் பல் கிட்டிக்கொண்டது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் உடம்பு வில்லாய் வளைந்து, மூன்றாம் நாள் அடங்கியது.

குழி வெட்ட ஐந்து, மாலைக்கு ஒன்று, வண்டிக்கூலி நான்கு. ஆகப் பத்து ரூபாய். ஆதிநாராயணன் பேரம் பேசவில்லை. பாக்கி இல்லை.