பரஸ்கா வீட்டு அஃபினி

காலையிலிருந்து இவான்கோவுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. என் இரண்டு வயதுப் பிள்ளை, பிழிந்து போட்ட துணியாகக் கிடந்தான். பனி நின்றும் மலைப்பாதை திறக்கவில்லை. போனில் கேட்டால், மருத்துவர் நாளைக்குத்தான் வர முடியுமாம். அதுவரை உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன், ஜன்னலுக்குப் போவேன், திரும்பி வந்து மறுபடியும் தொடுவேன்.

எங்கள் மலையில் வீட்டுக்கு வீடு காய்ந்த அஃபினி ஒரு ஜாடி இருக்கும். கோடையில் காட்டுச் சரிவில் பறிக்கிற அந்தக் கருநீலப் பழத்தை அடுப்புமேல் பரப்பிக் காயவைத்து எடுத்து வைப்போம். வயிறு கெட்டால் ஒரு பிடி போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுப்பதற்கென்றே இருப்பது அது. எங்கள் ஜாடியோ காலியாக நின்றது.

"சித்தப்பா பசங்க வந்தப்ப வோட்காவுல ஊறப்போட்டுட்டேன்," என்றான் என் கணவன் யூர்க்கோ. "நிலவறையில சர்க்கரை போட்டு மசிச்ச பழம் இருக்கே, அதைக் கரைச்சுக் குடு."

"அது காயவைக்காத பழம். குடுத்தா இன்னும் பிச்சுக்கிட்டுப் போகும். காஞ்சதுதான் கட்டும். இதுகூடவா தெரியாது உனக்கு?"

"ரெண்டும் ஒரே செடியில காய்ச்சதுதானே?"

இவனோடு மல்லுக்கட்ட நேரமில்லை. பாழாய்ப்போன வோட்கா.

பக்கத்தில் இருப்பது பரஸ்கா வீடு ஒன்றுதான். கோடையில் எங்கள் சரிவில் புகுந்து, சீப்புப் பல் வைத்த பறிப்புப் பெட்டியால் பழத்தையெல்லாம் வாரிக்கொண்டு போனாள் என்று, கோயில் வாசலில் ஊர் பார்க்க அவளைத் திருடி என்றவள் நான். அன்றிலிருந்து பேச்சு கிடையாது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓடினேன்.

பரஸ்காவே கதவைத் திறந்தாள்.

"அக்கா, காஞ்ச அஃபினி ஒரு பிடி வேணும். புள்ளைக்கு முடியல. அன்னைக்கு நான் சொன்னதை..."

"அதெல்லாம் அப்புறம். உள்ள வந்து கதவைச் சாத்து, குளிருது."

அடுப்போரம் சின்னச் சட்டியில் கறுத்த கஷாயம் வடிகட்டித் தயாராக இருந்தது. தொட்டுப் பார்த்தேன். ஆறிப்போயிருந்தது.

"காலையிலேருந்து உன் கொடியில துணி மாத்தி மாத்தித் தொங்குது," என்றாள். "எனக்குக் கண்ணு இல்லையா?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "தெரிஞ்சும் ஏன் கொண்டு வரல?"

"வந்தேன் மாரிச்கா. உன் வாசல் வரைக்கும் வந்தேன். திருடி குடுக்குறதை நீ புள்ள வாயில ஊத்துவியான்னு நெனச்சேன். திரும்பிட்டேன்."

சட்டியை அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வரும்போது ஓட்டத்தில் கவனிக்காததை இப்போதுதான் பார்த்தேன். பனியில் அவளுடைய காலடித்தடம் என் வாசற்படி வரை போய், அங்கே கொஞ்சம் மிதித்து நின்று, திரும்பியிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். பரஸ்கா இன்னும் தன் கதவருகே நின்றிருந்தாள்.

"நீங்களும் வாங்கக்கா," என்றேன். "உங்க கையாலயே அவனுக்குக் குடுங்க."