மொட்டு விடாத கொலம்பைன்

கேட் படாரென்று திறந்தது. சம்பங்கி சட்டென்று திரும்பியதில் விரலிடுக்கில் இருந்த மொட்டு மண்ணில் விழுந்தது.

"அம்மா, எங்க இருக்க?"

யுவஸ்ரீயின் குரல். அமெரிக்காவில் இருக்க வேண்டிய மகள் ஓசூர் வீட்டு வாசலில் நிற்கிறாள். சம்பங்கி முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

"என்னாடி இது, சொல்லாம கொள்ளாம?"

"பெங்களூர்ல மீட்டிங். நடுவுல அரை நாள் கிடைச்சுது. சாயந்தரம் கிளம்பணும்."

"களி கிண்டட்டா? கீரை இருக்குது."

"அப்புறம் பாக்கலாம். மொதல்ல என் செடியக் காட்டு."

சம்பங்கி தயங்கியபடி முன்னால் நடந்தாள்.

புருஷன் போன பிறகு அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். மாடியில் குடியிருக்கும் பையன்கள் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. படியேறும் சத்தம் கேட்கும், முகம் தெரியாது. மகள் போன் செய்தாலும் மாத்திரை போட்டியா, தூங்குனியா என்பதோடு தீர்ந்துவிடும்.

போன தடவை வந்தபோது யுவஸ்ரீ ஒரு விதைப் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனாள். கொலம்பைன். அவள் இருக்கும் மலைப் பக்கத்துக் காட்டுப் பூவாம். நீலமும் வெள்ளையுமாகப் பூக்குமாம். ஓசூர் குளிருக்கு வருகிறதா பார் என்றாள். விதையை ஈர மணலில் கலந்து, ஃபிரிட்ஜில் தோசை மாவுக்குப் பின்னால் ஒரு மாதம் வைத்திருந்து தூவினாள் சம்பங்கி. முளைத்துவிட்டது. கொத்தமல்லி மாதிரி இலை. பக்கத்து வீட்டு வெள்ளையம்மா ரசத்துக்கு இரண்டு கொத்து கேட்டே விட்டாள்.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் வீடியோ கால். இலையைத் திருப்பிக் காட்டு, அடியில் பூச்சி இருக்கா பார் என்று பேச்சு ஒரு மணி நேரம் ஓடும். முதல் வருஷம் இலைதான், அடுத்த வருஷம் பூக்கும் என்றாள் மகள். அந்த அடுத்த வருஷமும் வந்துவிட்டது. பூத்துச்சாம்மா என்று வாராவாரம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இப்போது யுவஸ்ரீ செடியின் முன் குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

"இவ்ளோ செழிப்பா இருக்குதே. ஏன் பூக்கல?"

"நம்மூரு வெயிலு ஒத்துக்கல போல."

யுவஸ்ரீயின் விரல் தண்டோடு மேலே போய், மொட்டையான நுனியில் நின்றது. அடுத்த தண்டும் அப்படியே. அம்மா வேலை பார்த்த ரோஜாப் பண்ணையில், இளஞ்செடி பருக்கட்டும் என்று முதல் மொட்டுகளைக் கிள்ளிவிடுவார்கள். பள்ளி லீவில் அவளும் கூடப் போய்க் கிள்ளியவள்தான்.

"யாரும்மா கிள்ளுனது?"

"குருவி கொத்தியிருக்கும்."

"குருவிக்கு நகம் வச்சுக் கிள்ளத் தெரியுமா?"

சம்பங்கி முந்தானையை இழுத்துச் செருகினாள். "எளஞ்செடியில மொட்ட விடக் கூடாதுடி. பண்ணையில அப்படித்தான செய்வோம்."

"இது எளஞ்செடியா? அப்படியே இருந்தாலும் எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. ஒவ்வொரு வாரமும் மொட்டே விடலன்னு சொன்னியே, எதுக்கும்மா?"

மாடியில் யாரோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. சம்பங்கி மகளின் முகத்தைப் பார்க்காமல், செடியைப் பார்த்தபடியே சொன்னாள்:

"பூத்துருச்சுன்னா, அப்புறம் ஞாயித்துக்கெழம நீ என்னத்தடி கேப்ப?"