நம்பர் பிளேட்டுக்குப் பின்னால்

பிரசாத்தின் கார் கிளம்பி முக்கால் மணி நேரம் கழித்துத்தான் மணிமொழி கடையைப் பெருக்க விளக்குமாற்றை எடுத்தாள். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் போகிற ரோட்டில், கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டித் தரும் கடை. வெட்டிப்போட்ட ஒயர் துண்டுகளோடு கறுப்பாக எதுவோ உதிரி உதிரியாக வந்தது. ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். மட்கிய ரப்பர். விரலில் மை மாதிரி ஒட்டியது.

அது எங்கிருந்து வந்ததென்று நினைவு வந்ததும் விளக்குமாறு கையைவிட்டு நழுவியது.

பிரசாத்தின் கார் சின்னது, பழையது. முன்பு வைத்திருந்தவன் அதில் ஒரு ஆம்ப்ளிஃபையர் மாட்டியிருந்தான். அதற்கான தடித்த சிவப்பு ஒயர் பேட்டரியிலிருந்து கிளம்பி, இன்ஜினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவே இருக்கிற தகரச் சுவரில் ஓர் ஓட்டை வழியாக நுழைந்து, டிக்கி வரைக்கும் போயிற்று. ஓட்டையின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். ஒயர் அதில் உரசாமல் இருக்க ஒரு ரப்பர் வளையம் போடுவார்கள். இருந்தது மட்கிப்போயிருந்ததால் காலையில் அவளே அதைப் பிடுங்கிப் போட்டாள். டப்பாவில் மிச்சமிருந்த ஒரே ஒரு புது வளையத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

அந்த வளையம் இப்போது காரின் பின்புறம், நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இருந்தது.

எல்லாம் அந்தக் கடகடப்பால் வந்த வினை. டிக்கியில் அடிச்சத்தத்துக்கான சப்வூஃபர் பெட்டியை வைத்துப் பாட்டைப் போட்டதும், எண்ணெய் டின்னில் கல்லைப் போட்டு உலுக்கியது மாதிரி கார் முழுக்க அதிர்ந்தது. மணிமொழி ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தாள். டிக்கிக் கதவின் உள்தகரத்தில் தார் மாதிரி கனமான ஷீட்டை ஒட்டி ரோலரால் தேய்த்தாள். ஜாக்கியைத் துணியில் சுற்றினாள். சீட் பெல்ட் கொக்கிக்கு ஃபோம் வைத்தாள். ஒன்று அடங்கினால் அதுவரை கேட்காத இன்னொன்று கேட்டது. கடைசியில் நம்பர் பிளேட் மட்டும் மிஞ்சியது. உள்ளங்கையால் அழுத்தினால் வாயை மூடிக்கொள்ளும். கையை எடுத்தால் டர்ர்ர் என்னும்.

"அன்பு அண்ணன் மாட்டுனா ஒரு சத்தம் வராதுன்னு ஊரே சொல்லும். நீங்க மாட்டுனா வருதேக்கா" என்று சிரித்தான் பிரசாத்.

அன்பரசன் அவள் கணவன். போய் இரண்டு வருஷமாகிறது. பிரசாத் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது. கை தானாக மேஜைக்குப் போயிற்று. வளையத்தை பிளேட்டுக்குப் பின்னால் கொடுத்து ஸ்க்ரூவை முறுக்கினாள். சத்தம் நின்றது. "இப்ப சொல்லு" என்றாள். அந்தப் பெருமையிலேயே தகரச் சுவரின் ஓட்டை மறந்துபோயிற்று.

ஃபியூஸாவது பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்தால் பயமில்லை. ஒயர் தகரத்தைத் தொட்ட நொடியே அது எரிந்து கரண்டை நிறுத்திவிடும். பழைய ஆள் அதை டிக்கியில் மாட்டி வைத்திருந்தான். ஓட்டையில் ஒயர் தொட்டால் அதற்குத் தெரியவே தெரியாது, ஒயரே பற்றிக்கொள்ளும். "இத முன்னாடி மாத்தணும் தம்பி" என்று அவள் சொன்னாள்தான். "நாளைக்கு மாத்துங்கக்கா. பௌர்ணமி, ரோட்ட அடைச்சிடுவாங்க" என்று அவன் பறந்தான். வளையம் இருக்கிறதே, ஒரு நாள் தாங்கும் என்று நினைத்துத்தான் அவள் தலையாட்டினாள்.

காரில் அவன் அப்பா அப்பாதுரை இருந்தார். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர். இரண்டு பேர் பிடிக்காமல் சீட்டைவிட்டு எழ முடியாது. காதும் போய்விட்டது. மேளத்தின் அடிச்சத்தம் மட்டும்தான் அவருக்கு எட்டும். சப்வூஃபரே அவருக்காகத்தான். காலையில் முதல் தவில் அடி விழுந்தபோது நெஞ்சைத் தட்டிக் காட்டி, "இங்க கேக்குதுடா" என்றார்.

"அடி அண்ணாமலைல சித்தி வூட்டாண்ட வண்டிய நிறுத்திட்டு நான் மலை சுத்தப் போறேன்" என்று பிரசாத் சொல்லியிருந்தான். "அப்பா உள்ளயே உக்காந்து பாட்டு கேட்டுக்கினு ஜனங்கள பாத்துக்கினு இருப்பாரு."

மணிமொழி போன் போட்டாள். மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டாள். மறுபடியும் ஓய்ந்தது.

அன்பரசன் போன அன்றும் இப்படித்தான் அடித்து அடித்து ஓய்ந்தது. பத்தொன்பது தடவை. செங்கம் ரோட்டில் விழுந்து கிடந்த பைக்கின் பையில் அவன் போன் அடித்துக்கொண்டிருந்ததைப் பிறகு யாரோ சொன்னார்கள். மூன்றாவது தடவை போடும்போது இது மூன்று என்று எண்ணுகிறோமே என்று தோன்றியதும் போனைத் துண்டித்தாள். ஸ்பேனர், டேப், ஃபியூஸ் மாட்டும் கூடு, எல்லாவற்றையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள். கடையைப் பூட்டினாளா என்று இன்றுவரைக்கும் நினைவில்லை.

மலை சுற்றும் பாதையில் குபேர லிங்கத்துக்கு முன்னாலேயே தடுப்பு போட்டிருந்தார்கள்.

"வண்டி உள்ள போவாதும்மா" என்றார் போலீஸ்காரர்.

"சார், ஒரு கார் தீப்புடிச்சிடும் சார்."

"எங்க?"

"அடி அண்ணாமலைல."

"புடிச்சிடுச்சா?"

"இன்னும் இல்ல சார்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "இன்னும் இல்லல்ல? வண்டிய ஓரமா போட்டுட்டு நடந்து போ."

அவள் ஓடினாள். வடக்கிலிருந்து உள்ளே நுழைந்ததால் ஊர் மொத்தமும் அவளுக்கு எதிரே வந்தது. வெறுங்காலோடு, தோளில் துண்டோடு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தார்கள். தோள்கள் இடித்தன. "ஏம்மா, மலைய எடது பக்கம் வெச்சிக்கினு எங்க போற? கண்ணு தெரியல?" என்று ஒருத்தி அதட்டினாள். மணிமொழி ஓரமாக ஒதுங்கி ஓடினாள்.

போகிற வழியெல்லாம் புகை. கற்பூரத் தட்டு, ஊதுபத்தி, வேர்க்கடலை வறுக்கிற அடுப்பு. ஒவ்வொன்றையும் மூக்கு தனியாகப் பிரித்துப் பார்த்தது. இது அது இல்லை, இதுவும் இல்லை. தூரத்தில் ஒரு கூட்டம் வட்டமாக நின்றதைப் பார்த்து ஆட்களை விலக்கிக்கொண்டு போனாள். கிட்டப் போனால் அன்னதானம். நடுவில் இரண்டு தடவை போன் போட்டாள். எடுக்கவில்லை.

அடி அண்ணாமலையில் எந்த வீடு என்று அவள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அங்கே நின்று திகைத்தபோது காதுக்கு முன்னால் காலுக்குத் தெரிந்தது. தும், தும் என்று தவில். அவள் மாட்டிய பெட்டி. ஒரு கடகடப்பு இல்லை, துளி டர்ர் இல்லை. அவ்வளவு சுத்தமாகக் கேட்டால் வளையம் இன்னும் நம்பர் பிளேட்டில்தான் இருக்கிறது.

கார் ஒரு புளியமரத்தடியில் நின்றது. அப்பாதுரை முன்சீட்டில் கண்மூடி உட்கார்ந்திருந்தார். கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. "ஐயா! ஐயா!" அவர் திரும்பவில்லை. ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்தாள். உள்ளே லேசாக, பிளாஸ்டிக் பொசுங்கின வாடை. பானெட் கொக்கியை இழுத்துவிட்டு முன்னால் ஓடினாள். ஸ்பேனர் இரண்டு தடவை கைநழுவிக் கீழே விழுந்தது. மூன்றாவது தடவை பிடித்துத் திருகி, பேட்டரி ஒயரைக் கழற்றி எடுத்தாள்.

தவில் நின்றது.

பிறகுதான் ஓட்டையைப் பார்த்தாள். சிவப்புத் தோல் ஒரு பக்கம் அறுந்து, உள்ளே செம்பு மின்னியது. எதிரே தகரத்தில் ஒரு பொட்டு அளவுக்குக் கறுப்பு. ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் விலகியிருக்கிறது.

"யாரும்மா அது?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அவள் பானெட்டுக்குப் பக்கவாட்டில் தலையை நீட்டினாள். "ஓ, டப்பா மாட்டுன பொண்ணா. உன் டப்பா செரியில்லம்மா. அப்பப்ப பாட்டு நின்னு நின்னு போவுது."

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். பிரசாத்தின் போன் டேஷ்போர்டில் கிடந்தது. பாட்டு அதிலிருந்துதான். அவள் ஒவ்வொரு தடவை அழைத்தபோதும் தவில் நின்று, அவருக்குக் கேட்காத மணி அடித்திருக்கிறது.

எதிர்வீட்டிலிருந்து பிரசாத் சாப்பிட்ட கையோடு வந்தான். "சித்தி வுடல, சோறு போட்டு உக்கார வெச்சிடுச்சு. என்னக்கா, இவ்ளோ தூரம்?"

"ஓட்டைக்குப் போட வேண்டிய ரப்பர நம்பர் பிளேட்டுக்குப் போட்டுட்டேன் தம்பி. ஒயர் அறுந்துபோச்சு. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா பத்தியிருக்கும். தப்பு என்னுது."

அவன் பானெட்டுக்குள் பார்த்தான். பின்சீட்டில் கிடந்த ஊன்றுகோலைப் பார்த்தான். சாப்பிட்ட கை காய்ந்துபோயிற்று.

"அவரால கதவத் தொறந்து எறங்கக்கூட முடியாதுக்கா."

"தெரியும்."

அவள் பின்னால் போய், நம்பர் பிளேட்டைக் கழற்றி வளையத்தை எடுத்துக்கொண்டு, பிளேட்டை வெறுமனே திரும்ப முறுக்கினாள். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒயரை வெட்டி ஃபியூஸை மாட்டினாள். அறுந்த இடத்தில் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றி, வளையத்தை நுழைத்து, ஓட்டையில் அமுக்கினாள். விரலை உள்ளே விட்டு நாலு தடவை தடவிப் பார்த்துவிட்டு, பேட்டரி ஒயரைத் திரும்ப மாட்டினாள். பிரசாத் உதவிக்கு வரவில்லை. போகவும் இல்லை, பக்கத்திலேயே நின்றான்.

"பாட்டு போடும்மா" என்றார் அப்பாதுரை. அவருக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை.

அழைப்பு வந்தால் எடுக்கத் தன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பிரசாத் சித்தியின் போனை வாங்கி வந்து பாட்டைப் போட்டான். தவில் விழுந்தது. கூடவே பின்னால் டர்ர்ர். பிரசாத் பழக்கத்தில் போய் பிளேட்டை உள்ளங்கையால் அழுத்தினான்.

"வுடு தம்பி, அடிக்கட்டும்" என்றாள். "நாளைக்குக் கொண்டா, வேற போடறேன்."

அவன் கையை எடுத்தான்.

பானெட்டைத் திறந்தபடியே வைத்துக் கால்மணி நேரம் மோந்து பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் கிளம்பினாள். ஸ்கூட்டர் இருந்த பக்கம்தான் இப்போது கூட்டமும் போயிற்று. யாரும் இடிக்கவில்லை. மலை வலது கைப்பக்கம் வந்தது. நம்பர் பிளேட்டின் டர்ர் கொஞ்ச தூரம் கூடவே வந்து, அரோகரா சத்தத்தில் கரைந்துபோயிற்று.

அது கேட்காமல் போன இடத்தில் அவள் நின்றாள். பின்னால் வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். போனை எடுத்துப் போட்டாள். ஒன்று. இரண்டு.

"சொல்லுங்கக்கா."

போனுக்குள் நம்பர் பிளேட் டர்ர்ரென்று அடித்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்டபடி நின்றாள்.