நூற்றுக்கு நூற்றியாறு

ஜெயகௌரிக்குப் பியர் வாசமே பிடிக்காது. எண்டாலும் எண்பத்தேழாம் ஆண்டு மாசிமாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒண்டிலை, குசினி அடுப்பிலை இருந்த பியர்ப் பானைக்கு முன்னாலை நிண்டு, "பிள்ளையாரே, எழுபது வந்தால் உனக்கொரு தேங்காய் உடைக்கிறன்" எண்டு அவள்தான் கும்பிட்டாள். பியருக்குத் தேங்காய் நேர்ந்த முதல் யாழ்ப்பாணத்துப் பொம்பிளை அவளாத்தான் இருப்பாள். பிள்ளையாரும் பாவம், என்ன செய்யிறது!

புருஷன் குணசேகரத்துக்குக் கடல்கடந்து வந்த ஊஸ்டர் பட்டினத்திலை ஒரு ரெஸ்டோரன்டிலை சமையல் வேலை. அவள் விடிய வெள்ளெண ஆஸ்பத்திரிக்குத் துப்புரவு வேலைக்குப் போவாள். அவள் திரும்பி வரேக்கை அவர் வெளிக்கிட்டுக்கொண்டு நிப்பார். ஒராளை ஒராள் ஆற அமரப் பாக்கிறது ஞாயிறிலைதான். அந்த ஞாயிறையும் வேலைக்கு வா எண்டு ஷெஃப் கேட்டுக்கொண்டு நிக்கிறான்.

குணசேகரம் பதில் சொல்லாமல் இழுத்தடிச்சதுக்குக் காரணம் இந்தப் பானைதான். மேல்வீட்டு ட்சோலிங்கர் கிழவர் முந்திப் பியர் ஆலையிலை இருந்தவர். பானையையும், முளைக்கவைச்சுக் காயவைச்ச பார்லியையும் குடுத்து இவரைப் பழக்கிவிட்டவர் அவர்தான். ஆனால் கணக்கெண்டால் உயிரை விடுற மனுசனுக்குப் பியரிலையோ ஆசை? பியரின்ரை கணக்கிலைதான். நாலு கிலோ பார்லியிலையிருந்து ஆகக்கூடினது மூண்டு கிலோ இருநூறு கிராம் சீனி எடுக்கலாமாம். சுடுதண்ணியிலை ஊறவைச்சு வடிச்ச சாறுக்குள்ளை அந்தச் சீனி எவ்வளவு இறங்கியிருக்கு எண்டு பாக்கிறதாம். நூற்றுக்கு எழுபதாவது இறங்கவேணும் எண்டிட்டார் கிழவர். இவருக்கு ஒருநாளும் அறுபதைத் தாண்டேல்லை.

"இந்தமுறையும் எழுபது வராட்டிப் பானையைத் திருப்பிக் குடுத்திட்டு ஞாயிறும் வேலைக்குப் போறன் கௌரி. சும்மா மினக்கெட்டு என்ன பிரயோசனம்?" எண்டு போனகிழமை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார்.

"போங்கோவன், ஆர் மறிச்சது?" எண்டு அவளின்ரை வாய் சொல்லிப்போட்டுது. மனம் அப்பிடிச் சொல்லேல்லை. ஞாயிறிலை மனுசன் பானைக்குப் பக்கத்திலை நிண்டு கர்ண கடூரமாப் பாடுவார். அவளுக்கு வெங்காயம் உரிச்சுக் குடுப்பார். உலகத்து விண்ணாணமெல்லாம் கதைப்பார். அந்தச் சத்தம் இல்லாத வீட்டிலை ஒருத்தி என்னெண்டு இருக்கிறது?

அண்டைக்குச் சாறை வடிச்சுப் பல்கணிக் குளிரிலை ஆறவைச்சிட்டு, சீனி அளக்கிற கண்ணாடிக் குழாயைக் கிழவரிட்டை வாங்கிவர அவர் மேலை போனார். ஜெயகௌரி மெல்லப் போய் ஒரு கரண்டி அள்ளி நக்கிப் பாத்தாள்.

"இதென்ன கோதாரி, இனிப்பே காணாது!"

பாயாசத்துக்கு இனிப்புக் காணாட்டி என்ன செய்யிறது? சீனி போடுறது. இதுக்கொரு ஆராய்ச்சியோ? ஒரு கிலோ சீனிப் பைக்கற்றை அப்பிடியே கொட்டிக் கலக்கினாள். மனம் இன்னும் ஆறேல்லை. அலுமாரித் தகரத்துக்குள்ளை பனங்கட்டி கிடந்தது. தமையன் ஊரிலையிருந்து ஆளிட்டைக் குடுத்துவிட்டது. தேத்தண்ணியோடை கடிக்கவெண்டு பொத்திப் பொத்தி வைச்சிருந்தவள், இருந்த முன்னூறு கிராமையும் போட்டுக் கலக்கிப்போட்டாள்.

குணசேகரம் வந்து குழாயை மிதக்கவிட்டுப் பாத்தார். பெருக்கினார், பிரிச்சார், வெட்டிப்போட்டுத் திரும்பவும் பெருக்கினார். அவள் கழுவின கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நிண்டாள்.

"என்னங்கோ, எழுபது வந்ததோ?"

"நூற்றியாறு."

"பாத்தீங்களோ! நூறையும் தாண்டிட்டீங்கள்!" எண்டு அவள் கைதட்டினாள். கூடக் கூட நல்லதெண்டு நினைச்சிட்டாள், விசரி.

"கௌரி, பார்லி தன்னட்டை இல்லாத சீனியை எங்கை போய்க் கொண்டுவரும்?"

அவர் குழாயை மூக்கடியிலை பிடிச்சார். பனங்கட்டி வாசம் கமகமவெண்டு வந்தது. திரும்பிப் பாத்தால், மூடி திறந்தபடி வெறுந் தகரம்.

அவளுக்குக் கண் முட்டிப்போச்சு. "எழுபது வராட்டி ஞாயிறும் போறன் எண்டெல்லோ சொன்னனீங்கள்!"

மனுசன் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். "எவ்வளவு போட்டனீர்?" எண்டு கேட்டார்.

"சீனி ஒரு கிலோ. பனங்கட்டி முழுக்க."

"முழுக்கவோ?" அவர் வெறுந் தகரத்தைத் தூக்கிக் கவிட்டுப் பாத்தார். பென்சிலை எடுத்து அவள் போட்டதைக் கழிச்சார். "அறுபத்தாறு."

"அப்ப வரேல்லையோ..."

"வரேல்லை. அதாலை வாற ஞாயிறும் காய்ச்சத்தான் வேணும். ஷெஃப்பிட்டை நாளைக்கே சொல்லுறன், ஞாயிறு எனக்கு ஏலாதெண்டு."

அவள் முந்தானையாலை மூக்கைத் துடைச்சுக்கொண்டு யோசிச்சாள். இந்த மனுசன் கெட்டிக்காரன். இப்பவே அறுபத்தாறுக்கு வந்திட்டார்.

"அப்ப எழுபது வந்திட்டால்?"

"வராமல் பாத்துக்கொள்ளுறன்" எண்டு சொல்லிப்போட்டு, குணசேகரம் கத்தியை எடுத்து வெங்காயம் உரிக்கத் தொடங்கினார்.