மூன்று கரண்டி

ஃப்ளாஸ்க்கை அவள் தொட்டியில் கவிழ்த்ததும் பின்னால் அத்தை "ஐயையோ!" என்றாள். லேசாக ஆவி பறக்க, பால் ஓட்டையைச் சுற்றிச் சுழன்று இறங்கியது.

"விடியறதுக்கு முன்னாடி எழுந்து கலக்கி வச்சேன்டி. நீ உன் தங்கச்சி பக்கத்துல உக்காரணுமேன்னுதான். இன்னைக்குப் பூரா ஓடியிருக்கும்."

"இதுல கொஞ்சமாவது பிள்ளைக்குக் குடுத்தீங்களா?"

"இல்லடி. இப்பதானே முழிச்சா."

அவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கலக்கின பாலச் சூட்டோட வைக்கக் கூடாது அத்தை. கிருமி பெருகிடும்னு நர்ஸ் சொன்னாங்க."

"இறுக்கி மூடின ஃப்ளாஸ்க்குக்குள்ள கிருமி எப்படிடி போகும்? கதவத் தட்டிட்டா?"

வேறொரு நாளாக இருந்திருந்தால் சிரித்திருப்பாள். அத்தையின் தோளில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. பிறந்து மூன்று வாரம். இன்னும் பெயர் வைக்கவில்லை. தங்கைதான் அதை 'முதலாளி' என்று கூப்பிட்டுவந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே அத்தனை பேரையும் ஓடவைக்கிறாளாம். அப்படிச் சொன்னவளை முன்னறையில் கிடத்தியிருந்தார்கள்.

முதலில் வெறும் காய்ச்சல் என்றார்கள். பிள்ளை பெற்ற உடம்பு சுடத்தான் செய்யும் என்றார்கள். பிறகு ஆஸ்பத்திரியில், எங்கோ உள்ளே கிருமி தொற்றி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று. அன்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத எல்லாவற்றையும் அவள் பார்க்கத் தொடங்கியிருந்தாள். பாட்டிலின் திருகு மரைகளில், ரப்பரின் துளையில், அடுத்தவர்களின் நகக்கண்களில்.

தண்ணீர் கொதித்து அடங்கியிருந்தது. பக்கத்துப் பாத்திரத்தில் வேகவைத்த இரண்டு பாட்டில்கள் மூடியின் கீழ் கிடந்தன. ஒன்றை இடுக்கியால் எடுத்தாள். முதலில் தண்ணீர். பாட்டிலைக் கண்ணுக்கு நேராக வைத்துத் தொண்ணூறு மில்லி கோடு வரை ஊற்றினாள்.

"இவ்வளவு கொதிக்கக் கொதிக்கவா? பிள்ள வாய் வெந்துடாது?"

"பவுடர்லயே கிருமி இருக்கலாமாம். சூடு இருந்தாத்தான் சாகும். கலக்கினப்புறம் ஆற வச்சுத்தான் குடுக்கணும்."

"பவுடர் கரைக்க இம்புட்டுப் படிப்பா? நாங்க வளக்காத பிள்ளையா? எங்க கையில ஒண்ணாவது செத்து..."

அத்தை நிறுத்திக்கொண்டாள். முன்னறையில் யாரோ மூக்கைச் சிந்துவது கேட்டது. அத்தை குழந்தையின் முதுகை வேகமாகத் தட்டத் தொடங்கினாள்.

டப்பாவோடு வந்த கரண்டியில் பவுடரை அள்ளி, கத்தியின் முதுகால் மட்டமாக வழித்தாள். தொண்ணூறுக்கு மூன்று கரண்டி. ஒன்று. கெட்டியானால் பிஞ்சுச் சிறுநீரகம் தாங்காது; நீர்த்துப்போனால் பிள்ளை உள்ளுக்குள்ளே பட்டினி கிடக்கும். நர்ஸ் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், அடுத்த கட்டிலுக்குப் போகும் அவசரத்தில்.

"வண்டி வந்துடுச்சு," என்று வாசலில் ஒரு குரல். "முகத்த மூடப் போறோம். பாக்காதவங்க வந்து பாத்துக்குங்க. அக்கா எங்க? அக்காவக் கூப்பிடுங்க."

பெண்களின் அழுகை ஒரே மூச்சாக எழுந்தது. அவள் கை நின்றது. கரண்டி காலியாக இருந்தது. பாட்டிலுக்குள் பவுடர் தண்ணீரின் மேல் தீவு போல மிதந்து அமிழ்ந்துகொண்டிருந்தது.

இரண்டா? மூன்றா?

தையல் கம்பெனியில் சட்டைகளை எண்ணி அடுக்குவது அவள் வேலை. பக்கத்தில் இருப்பவளோடு கதை பேசிக்கொண்டே எண்ணுவாள், ஒருநாளும் தப்பியதில்லை. இப்போது மூன்று வரை எண்ண முடியவில்லை.

"என்னடி முழிக்கிற?"

"எத்தனை போட்டேன் அத்தை? பாத்தீங்களா?"

"நான் எங்க பாத்தேன்? இன்னொண்ணு போட்டுடு. கூட இருந்தா பிள்ளைக்குத் தெம்புதானே. இங்க குடு, நான் கலக்குறேன். நீ போய் அவ முகத்தப் பாரு. ஓடு!"

போகலாம். பத்தடி தூரம். பார்த்துவிட்டு வந்து மறுபடி கலக்கலாம். ஆனால் அவள் திரும்புவதற்குள் அத்தை கரண்டியைக் கோபுரமாய்க் குவித்துப் போடுவாள், முழுப் பாசத்தோடு. அதைச் சொன்னாலும் அத்தைக்குப் புரியாது.

அப்போதுதான் கவனித்தாள். குழந்தை அழவில்லை. அத்தையின் தோளில் கன்னத்தை வைத்து, வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. சத்தம் இல்லை. நேற்று மாலை தங்கையும் இப்படித்தான், தண்ணீர் கேட்பதுபோல.

அவள் பாட்டிலைத் தொட்டியில் கொட்டினாள்.

"அடிப்பாவி! மறுபடியுமா!"

இரண்டாவது பாட்டில். தண்ணீர். கோடு. "ஒண்ணு," என்று வாய்விட்டுச் சொன்னாள். முன்னறையில் கால்கள் நகரும் ஓசை. "ரெண்டு." யாரோ "மெதுவா, மெதுவா, நிலை இடிக்கும்" என்றார்கள். அவள் உடம்பு முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்தது. கண்ணைக் கரண்டியை விட்டு எடுக்கவில்லை. "மூணு." கத்தி சறுக்கி மட்டம் பிசகியது. மீண்டும் வழித்துப் போட்டாள்.

மூடியைத் திருகிக் குலுக்கி, ஓடும் குழாய்த் தண்ணீரில் பாட்டிலை உருட்டி உருட்டிக் காட்டினாள். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டாள். சுட்டது. இன்னும் கொஞ்சம் காட்டினாள். வெளியே வண்டிக் கதவு சாத்தப்பட்டது. இன்னொரு சொட்டு. இதம்.

என்ஜின் சத்தம் தெருமுனை வரை கேட்டது. பிறகு குழந்தை பாலை விழுங்கும் சத்தம் மட்டும். ஒவ்வொரு மிடறுக்கும் அவள் மூச்சைப் பிடித்தாள்.

அத்தை அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றாள். பிறகு, "கடைசி வரைக்கும் உன் தங்கச்சிக்குக் கண்ணு சரியா மூடல," என்றாள். "நாந்தான் மூடிவிட்டேன்."

சாயங்காலம் தங்கையின் புருஷன் இடுகாட்டிலிருந்து வந்தான். லிஃப்ட் மெக்கானிக், எத்தனை மாடி உயரத்திலும் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறவன். இப்போது நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"குடிச்சாளாக்கா?"

"குடிச்சா தம்பி. கொஞ்சம் மிச்சம் வச்சா, கொட்டிட்டேன்."

"நீங்க... அவளப் பாக்கவே இல்லைன்னாங்க."

அவள் குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூக்கிக்கொள்ள அவன் குனிந்தான். கைகள் குழந்தைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டன. விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நகங்களில் மண் இருந்தது.

பின்கட்டுக்குப் போனான். குழாய் திறக்கும் சத்தம். சோப்புப்பெட்டி கீழே விழுந்து உருண்டது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "போதும்டா, வா," என்றாள் அத்தை. தண்ணீர் நிற்கவில்லை.