கண்ணுக்கு வைத்த பொட்டு

1

இந்தக் கதை எனக்குப் பேருந்து ஜன்னலில் கிடைத்தது. திருமயம் போகும் வழியில், எங்கள் பேருந்தை ஒட்டி ஒரு புது லாரி வந்து நின்றது. ஆயுதபூஜை முடிந்திருந்தது. வண்டியின் முகமெல்லாம் சந்தனம், குங்குமம், வாடிய மாலை. முன்கண்ணாடியின் உட்புறம் மேலே சின்னதாக ஒரு கறுப்புப் பெட்டி தெரிந்தது. அதற்கு நேராக, கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் யாரோ அக்கறையாகப் பெரிய பொட்டு வைத்திருந்தார்கள். நான் பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நானாகச் சேர்த்தது.

அந்தப் பெட்டி ஒரு கேமரா. முன்னால் ஏதாவது குறுக்கிட்டால் அது பார்த்துச் சொல்லும். ஓட்டுநர் மிதிக்காவிட்டாலும் வண்டி தானே பிரேக் பிடிக்கும். ரோட்டுக் கோட்டைத் தாண்டினால் கத்துவதும் அதன் வேலை. கனரக வண்டிகளில் இவற்றைக் கட்டாயமாக்கும் விதிகளைத் தேடிப் படித்தேன். பனி பெய்யும் தேசத்து நாவல்களை மொழிபெயர்ப்பில் படித்துக் கனவு காண்கிற ஆள் நான். அரசு விதிகள் பழக்கமில்லை. ஆனாலும் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். கருவி பழுதானால் ஓட்டுநருக்கு எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும். சரி. எரிந்ததும் அவன் யாரிடம் போய்ச் சொல்வான்? அவர் என்ன பதில் சொல்வார்? அது விதியில் இல்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஆவூர் மாதா கோயில் மணி அடித்தபோது ஓட்டுநர் மரியசெல்வம் தன் —

அந்த வரியை அடித்துவிட்டேன். அவன் பக்கமிருந்து சொன்னால் அநியாயத்துக்கு ஆளான ஒருவனின் கதையாகிவிடும். வாசிக்கிறவர் அவனுக்காகக் கோபப்பட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். என்னைத் தூங்க விடாதது அந்தப் பொட்டை வைத்த கை. ஆகவே:

அமிர்தவல்லிக்கு அந்த லாரி மேல் பிள்ளைப் பாசம்.

இருக்கட்டும். அவள் லாரி உரிமையாளர் சோலையப்பனின் மனைவி, வீடு பொன்னமராவதியில். வண்டி எடுத்த அன்று ஷோரூம் பையன் பாலாஜி கண்ணாடியைக் காட்டி, "இதுதாங்க்கா வண்டியோட கண்ணு. எல்லாத்தையும் இது பாத்துக்கிரும்" என்றான். கேமரா என்று சொல்லியிருந்தால் அவள் அப்போதே மறந்திருப்பாள். கண்ணு என்றான். ஊர்க் கண்ணெல்லாம் படப்போகும் வண்டியில் கண்ணுக்கே பொட்டு இல்லாமலா? ஆயுதபூஜையன்று ஏணி போட்டு ஏறி, சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். மரியசெல்வம் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"போதுங்க்கா. வண்டி என்ன பொண்ணு பாக்கவா போகுது?"

"போனாத்தான் என்ன? ஒன் நெத்திதான் வெறுமனே கெடக்கு. இதாச்சும் லட்சணமா இருக்கட்டும் தம்பி."

"எனக்கு அந்தோணியார் இருக்காரு. நீங்க பாத்து எறங்குங்க."

3

அடுத்த லோடு இறக்கிவிட்டு வந்த மரியசெல்வம் வாசலிலேயே சிரித்தான்.

"அக்கா, நீங்க கும்பிட்ட கும்புடுல அது வாயடைச்சுப் போச்சு! கோட்டத் தாண்டுனா வீட்டுல ஜெயராணி கத்துவா, வண்டில இது கத்தும். இப்ப ஜெயராணி மட்டுந்தான்."

அமிர்தவல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். (ஒவ்வொரு வரைவிலும் இந்தச் சிரிப்பை எடுத்துவிடப் பார்த்தேன். எடுத்தால் அவள் யாரோ ஆகிவிடுகிறாள்.)

பிறகு அவன் சோலையப்பனிடம் சொன்னான். "அண்ணே, மஞ்ச லைட்டு ஒண்ணு அணையாம எரிஞ்சுக்கிட்டே இருக்கு."*

"புது வண்டின்னா ஆயிரம் லைட்டு எரியும். சர்வீஸ்ல பாத்துக்குவோம். நீ கீரமங்கலம் லோட எடு."

* விதி கேட்ட விளக்கு இதுதான். அது தன் வேலையைச் செய்துவிட்டது.

4

கீரமங்கலத்தில் தேங்காய் ஏற்றி வரும்போது, காலை வெயிலில், முன்னால் மொபெட்டில் போன பூ வியாபாரி ரெங்கராஜின் மூட்டை சரிந்தது. அவர் சட்டென்று நடு ரோட்டில் நின்றார். லாரி ஒரு மத யானையைப் போல —

இல்லை. லாரி லாரியைப் போலத்தான் வந்தது.

முதல் வரைவில் ரெங்கராஜ் இறந்துபோனார். இப்போது தொடை எலும்பு முறிந்து புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். இரக்கத்தால் பிழைக்க வைத்தேன் என்று நினைக்காதீர்கள். அவர் இறந்தால் எல்லோரும் அழுவார்கள். அந்த அழுகையில் கேட்க வேண்டிய கேள்வி கரைந்துவிடும். வலிக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டே இருக்கட்டும்.

5

லாரியை போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். அமிர்தவல்லி கணவரோடு போனாள். அடிபட்ட வண்டியில் பழைய பொட்டு இருக்கக் கூடாது என்பது அவள் வழக்கம். பம்பரில் கால் வைத்து ஏறி, காய்ந்து வெடித்திருந்த சந்தனத்தை முந்தானையால் சுத்தமாகத் துடைத்தாள். புதுப் பொட்டு வைக்கச் சிமிழைத் திறந்தபோது போலீஸ்காரர் கத்தினார்.

"யம்மா, எறங்கு! கேஸ் வண்டில கைய வெக்காத!"

அவள் இறங்கிவிட்டாள்.

பிறகுதான் பாலாஜியின் போன் வந்தது. சோலையப்பன் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, கேமராவுக்கு நேரா கண்ணாடில எதுவும் ஒட்டியிருந்தீங்களா? ஸ்டிக்கர், சந்தனம், அந்த மாதிரி? மறைச்சா அதுக்குத் தெரியாதுண்ணே. பிரேக்கும் பிடிக்காது, சத்தமும் வராது."

சோலையப்பன் மனைவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இல்லப்பா. கண்ணாடி சுத்தமா இருக்கு."

அது பொய்யில்லை. அப்போது சுத்தமாகத்தான் இருந்தது.

"நீ வாயத் தொறக்காத" என்றார், போனை வைத்துவிட்டு. "எல்லாம் நம்ம பக்கம் திரும்பிரும்."

6

முடிவுகள்.

(அ) அவள் உண்மையைச் சொல்கிறாள். மரியசெல்வம் தப்பிக்கிறான். நான் விரும்பிப் படிக்கும் நாவல்களில் உண்மை இப்படித்தான் கதவைத் திறந்துகொண்டு வரும். இங்கே பொட்டு இல்லை, அதனால் விளக்கும் எரியவில்லை. "சந்தனம் பிரேக்க நிறுத்திருச்சா? சாமி பேரச் சொல்லி டிரைவரக் காப்பாத்தப் பாக்குறீங்களா?" என்று அதிகாரி கேட்டால் அவளிடம் காட்ட எதுவும் இல்லை.

(ஆ) அவள் சொல்லவில்லை. லைசென்ஸ் போகிறது. பிறகொரு நாள் மரியசெல்வம் வந்து, "பரவால்லங்க்கா" என்கிறான். இதை எழுதி முடித்துவிட்டுக் கிழித்தேன். எதை மன்னிக்கிறோம் என்றே தெரியாதவனை மன்னிக்க வைத்திருந்தேன்.

(இ)

7

மோட்டார் வாகன அலுவலகம். எதிரே உட்கார்ந்திருப்பவர் பிரேக் இன்ஸ்பெக்டர். ஊரில் அவருக்கு அதுதான் பெயர்.

"ஓட்டிப் பாத்தாச்சுப்பா. அட்டைப் பெட்டிய வெச்சா வண்டி தானா நிக்குது. நீதான் கண்ணசந்துட்ட."

"தூங்கல சார். மிதிச்சேன்." என்றான் மரியசெல்வம். "அதுவும் பிடிக்கும்னு ஒரு நெனப்பு. அதுல கொஞ்சம் பிந்திட்டேன். ஆனா தூங்கல சார்."

"லைட்டு எரிஞ்சுச்சுங்கிற. இப்ப எரியலயே?"

"மொதலாளிகிட்ட சொன்னேன் சார்."

சோலையப்பன் செல்போனைப் பார்த்தபடி, "எனக்கு ஞாபகம் இல்லீங்க" என்றார்.

சுவரோரப் பெஞ்சில் ஜெயராணி, அமிர்தவல்லியின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "யக்கா, லைசென்ஸ் போனாக்கூட வேற சோலி பாத்துக்குவாரு. தூங்குனாருன்னு எழுதிட்டா, இனிமே எவன் வண்டியக் குடுப்பான்? அவரப் பத்தி ஒங்களுக்குத் தெரியும்ல? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கக்கா."

அவள் கேட்டது நல்லவன் என்ற ஒரு வார்த்தையைத்தான். வேறொரு வார்த்தை இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

இன்ஸ்பெக்டர் பேனா மூடியைத் திறந்தார். "வேற யாரும் எதுவும் சொல்லணுமா?"

இந்த வரியை எழுதிவிட்டு வெகுநாள் விட்டுவைத்திருந்தேன். எனக்கு அவள் பேச வேண்டும். பேசினாலும் அந்தக் காலைப்பொழுது திரும்பி வராது என்பதும் தெரியும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம்கூடக் கட்ட முடியவில்லை. ஆகவே அவளை எழ மட்டும் வைக்கிறேன்.

அமிர்தவல்லி எழுந்தாள். சேலைக் கொசுவத்தைச் சரிசெய்தாள். பேசப் போகிறவர்களும் அதைத்தான் செய்வார்கள், கிளம்பப் போகிறவர்களும். சோலையப்பன் தலை நிமிர்ந்தார். நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். நீங்கள் அவள் முகத்தைப் பாருங்கள். இன்ஸ்பெக்டர் இன்னும் எழுதத் தொடங்கவில்லை.